ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்

தண்ணீர் மோட்டார் விற்கும் அந்தக் கம்பெனிக்கு முப்பத்தோரு ஊர்களில் கிளை இருந்தது. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று சொல்வதற்குத் தலைமை அலுவலகத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அட்டவணையைப் பார்த்துக்கொள்ள ஒரு மேஜை, மேஜையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். அவளைக் கம்பெனியே கிலோமீட்டர் மேடம் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது.

இதென்ன விளையாட்டு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பயணம் போகிறவருக்கு எத்தனை நாள் கொடுப்பது, மோட்டார் என்றைக்குப் போய்ச் சேரும் என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்வது, யாரை எந்தக் கிளைக்குத் தூக்கிப் போடுவது, எல்லாம் அந்த அட்டவணையை வைத்துத்தான். அவள் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓர் ஊர் இன்னோர் ஊரிலிருந்து தள்ளியிருக்கும். போடாத வரைக்கும் இரண்டும் எங்கே கிடக்கின்றன என்று கம்பெனிக்குத் தெரியாது.

அவளுக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் கெட்டிக்காரர். சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை மாட்டி, இரண்டு ஊர்களிலும் குண்டூசி குத்தி, நடுவே ஒரு வெள்ளை நூலை இழுத்துப் பிடித்து அளந்தே முழு அட்டவணையையும் தயார் செய்திருந்தார். நூலில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு. வந்த தூரத்தை மணிக்கு அறுநூறு கிலோமீட்டர் என்று வகுத்தால் நேரம். ஓய்வு பெற்ற அன்று அந்த நூலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்தார். "நனைச்சுடாதீங்கம்மா. சுருங்கிடும். அப்புறம் எல்லா ஊரும் தள்ளிப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கையெழுத்துக் கோழி கிளறியது போல இருக்கும். கடற்கரை ஊர்க் கிளையில் அவர் அனுப்பும் சீட்டுகளைப் பன்னிரண்டு வருடம் படித்துப் பழகியவள் இவள் ஒருத்திதான். அந்தப் பாவத்துக்காக இவளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். புருஷனும் ஐந்து வயதுப் பெண்ணும் கடற்கரை ஊரிலேயே நின்றுவிட்டார்கள். புருஷன் பல்செட் செய்கிறவர். அந்த ஊர்ப் பல் டாக்டர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் செய்து கொடுப்பார். வாடிக்கையை விட்டுவிட்டு எங்கே போவார்? பெண்ணைப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் பார்த்துக்கொள்ள, அடுத்த தெருவில் புருஷனின் தங்கை இருந்தாள். எல்லாம் ஒரு வருடம்தான் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வருடம் இரண்டு வருடமாயிற்று. பெண்ணுக்கு ஏழு வயதாயிற்று.

"வேலைய விட்டுட்டு வந்துடுங்க அண்ணி, ஒரே நாள்ல தீந்துடும்" என்பாள் நாத்தனார். சொல்வது சுலபம். பதினான்கு வருட வேலையை அட்டவணையில் இல்லாத ஓர் ஊருக்கு அனுப்புவது போல அனுப்பிவிட அவளால் முடியவில்லை. அதோடு, சேர்த்து வைக்கக் கம்பெனியிலேயே விதி இருந்தது. விதிப் புத்தகத்தில் நாற்பத்தோராவது பக்கம். கணவனும் மனைவியும் வேறு வேறு ஊர்களில் இருந்து, நடுவே விமான நேரம் இரண்டு மணியோ அதற்கு மேலோ ஆனால், அவர்களை ஒரே ஊரில் சேர்த்து வைக்க வேண்டியது கம்பெனியின் கடமை. இரண்டு மணிக்குக் குறைந்தால், அவர்கள் சேர்ந்தே வாழ்வதாகக் கருதப்படும்.

தலைமை அலுவலகத்திலிருந்து கடற்கரை ஊருக்கு ஆயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர். நேரம் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். ஆக, கம்பெனியைப் பொறுத்தவரை அவள் இரண்டு வருடமாகப் புருஷனோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

மாற்றல் கேட்கும் மனுவோடு நேரச் சீட்டை இணைக்க வேண்டும். நேரச் சீட்டு எழுதும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான். எனவே இரண்டு முறை மனுப் போட்டாள், இரண்டு முறையும் தன் மனுவுக்குத் தானே 'ஒரு மணி ஐம்பத்தெட்டு, தகுதியில்லை' என்று சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதி ஆறவைத்து இணைத்தாள். அவளுக்குப் பேனாவில் மை இல்லையா, இரண்டு என்று எழுதத் தெரியாதா? தெரியும். ஆனால் ஸ்டோர்ஸ்காரர் இருந்தாரே.

ஸ்டோர்ஸ்காரர் புதிதாகக் கல்யாணமானவர். மனைவி ஒரு மலையூரில் நர்ஸ். அவர் மனுவுக்கு ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் என்று சீட்டு வந்தது. மனுஷன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம்தானே."

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தராத ஒரு நிமிடத்தைத் தனக்கு இரண்டாக எடுத்துக்கொள்ள முடியுமா? எடுத்தால் அந்த மேஜையில் எப்படி உட்கார்வது? இப்படி ஒரு மனசாட்சியை வைத்துக்கொண்டு அவள் படாத பாடு பட்டாள். அதைக் கழற்றி வைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயம் வெடித்தது. விமானத்தில் பைலட் மைக்கைப் பிடித்து, பயண நேரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் என்றார். ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விடுமுறை முழுக்க அதே நினைப்பு. திரும்பி வந்த அன்றே நிர்வாக மேலாளரின் அறைக்குள் போனாள்.

நிர்வாக மேலாளருக்கு அலுவலகத்தில் சரிதான் சார் என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் சொல்வது 'சரிதான்'. பிறகு அதைச் செய்ய முடியாத காரணத்தைச் சொல்வார்.

"சார், அட்டவணையில தப்பு இருக்கலாம்" என்றாள். 

"சரிதான்" என்றவர், சொன்னபின் அர்த்தம் புரிந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எந்த ஊர்?"

"நான் போக வேண்டிய ஊர் சார்."

மேலாளர் அதை ஒரு குழுவுக்கு அனுப்பினார். தூரக் குழுவில் மூன்று பேர். ஒருவர் மேலாளர், மற்ற இரண்டு இடங்கள் நிரப்பப்படாமல் ஆறு வருடமாகக் காலி. குழு அரைமணி நேரம் கூடியது, அதாவது மேலாளர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரில் அளந்து பார்ப்பது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. சனிக்கிழமைதோறும் காலை விமானத்தில் போக வேண்டும், அதே விமானம் மத்தியானம் திரும்பும்போது அதிலேயே வந்துவிட வேண்டும். பத்து வாரம். சக்கரம் தரையை விட்ட நொடியிலிருந்து தொட்ட நொடி வரை கணக்கு. போக வர இரண்டின் சராசரிதான் முடிவு.

"யார் சார் அளக்கறது?"

"நீங்கதான். வேற யாருக்கும் அதிகாரம் இல்லையே."

"என்னோட கேஸ் சார் இது."

"சரிதான். அதனாலதான் ஒரு நிபந்தனை போட்டிருக்கேன். அங்க ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகக்கூடாது. போனா அது சொந்த வேலை ஆயிடும்."

சேர்ந்து வாழ்கிறார்களா என்று பார்க்க, வாரா வாரம் கம்பெனியே டிக்கெட் எடுத்து அவளைப் புருஷன் இருக்கும் ஊருக்கு அனுப்பியது. இதில் உள்ள வேடிக்கை அலுவலகத்தில் எல்லோருக்கும் புரிந்தது, குழுவைத் தவிர.

விளையாட்டு அறையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய ஒரு ஸ்டாப்வாட்ச்சை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். முதல் சனிக்கிழமை போகும்போது இரண்டு மணி ஆறு நிமிடம். சக்கரம் தரையில் இடித்ததும் பொத்தானை அமுக்கிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துச் சீட்டுக்காரர் பயப்படாதீங்கம்மா, இறங்கியாச்சு என்று ஆறுதல் சொன்னார். மத்தியானம் திரும்பி வரும்போது ஒரு மணி நாற்பத்தொன்பது. கலங்கிய கண் காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மேலாளர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கேருந்து போனா ரெண்டு மணிக்கு மேல. அங்கேருந்து வந்தா ரெண்டுக்குக் கீழ. அப்ப நீங்க உங்க வீட்டுக்காரர விட்டுப் பிரிஞ்சிருக்கீங்க. அவரு உங்களோட சேந்துதான் இருக்காரு. ஒரே குடும்பத்துல இப்படி ரெண்டு விதமா இருந்தா நான் யாருக்கு ஆர்டர் போடறது?"

"சராசரி பாக்கலாம் சார்."

"சரிதான்."

இப்படியாகச் சனிக்கிழமைகள் நடந்தன. கடற்கரை ஊர் விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் கூடத்தில், பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அதுதான் வீடு. காலை விமானம் இறங்குவதற்கும் திரும்பும் விமானத்துக்கு உள்ளே போவதற்கும் நடுவே நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்குள் புருஷன் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பெண்ணுக்கு நகம் வெட்டினாள். கணக்கு நோட்டைத் திருத்தினாள். அறுந்த பித்தானைத் தைத்தாள். புருஷன் சட்டைப் பையிலிருந்து யாரோ ஒருவரின் கீழ்த்தாடைப் பற்களை எடுத்துக் காட்டி, நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்பார். அவளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வாள். சண்டைக்குக் கடைசி ஐந்து நிமிடம். முடியாவிட்டால் அடுத்த சனிக்கிழமை விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்கள்.

"டீச்சர் உங்கம்மா என்ன வேலைன்னு கேட்டாங்க" என்றாள் குட்டி ஒரு நாள்.

"என்ன சொன்னே?"

"ப்ளேன்ல வந்துட்டு உடனே திரும்பிப் போற வேலைன்னு சொன்னேன்."

 தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று திருத்தவும் இடமில்லை. வேலை அதுதான்.

ஒன்பதாவது சனிக்கிழமை குட்டி ஒரு பக்கக் கன்னத்தை மட்டும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முன்பல் ஆடுகிறது, செவ்வாய்க்கிழமையே விழப் பார்த்தது, விடவில்லை என்றாள். பல் தேய்க்கும்போதும் அந்தப் பக்கம் தொடவில்லையாம். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாளாம்.

"ஏன்டா குட்டி? அப்பா எடுத்து விட்டிருப்பாரே."

"நீ வர்ற வரைக்கும் வச்சிருந்தேன்" என்றாள் குழந்தை. "இப்ப விழலாம்."

அவள் இரண்டு விரலால் லேசாகத் தொட்டாள். பல் கையோடு வந்துவிட்டது. புருஷன் அதை வாங்கி, தொழில் பழக்கத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல பல் என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார். பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

பத்து வாரமும் முடிந்தன. அவள் போன நேரங்களைக் கூட்டினாள், வந்த நேரங்களைக் கூட்டினாள், இரண்டையும் சேர்த்து வகுத்தாள். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். நொடி கூட மிச்சமில்லை. மறுபடி போட்டாள். ஸ்டாப்வாட்ச் ஓடுவது சரியா என்று சுவர்க் கடிகாரத்தோடு ஒட்டிப் பார்த்தாள். ஐந்து தரம் போட்டும் ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டாகவே நின்றது. அந்தப் பழைய மனுஷர் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார், பாவி. கணக்குச் சரியாக வந்ததற்காக அவள் வாழ்க்கையில் முதல் தடவை அழுதாள். ஸ்டோர்ஸ் ஜன்னலிலிருந்து ஸ்டோர்ஸ்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு மணி ஐம்பத்தெட்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டோர்ஸ்காரர் அவளுக்கு லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வணக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலாளர் அறிக்கையைப் படித்துச் சரிதான் என்றார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் குழுவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன். போறதும் அதே வழி, வர்றதும் அதே வழி. நேரம் மட்டும் எப்படி மாறுது?"

"காத்து சார். போறப்ப எதிர்க்காத்து, வர்றப்ப பின்னாலேருந்து தள்ளும்."

மேலாளரின் முகம் மாறியது. "காத்துக்கும் நம்ம கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? நாளைக்குக் காத்து மாறி அடிச்சா பிரிஞ்சிருக்கறவங்க சேந்துடுவாங்க, சேந்திருக்கறவங்க பிரிஞ்சிடுவாங்க. காத்தப் பாத்து நான் ஆர்டர் போட முடியுமா?" அந்தப் பத்து வார அளவும் செல்லாது என்று குழு அங்கேயே, அவள் கண்ணெதிரேயே கூடி முடிவு செய்தது. கடைசியாக ஒரே ஒரு அளவு. போக ஒன்று, வர ஒன்று. இரண்டும் காற்றில்லாத நேரத்தில் எடுக்க வேண்டும். புறப்படும் இடத்தில் காற்று இருந்தால் புறப்படவே கூடாது. அன்றைக்கு வரும் எண்தான் கடைசி எண், அதற்குமேல் இந்த விஷயத்தைக் கிளறக் கூடாது.

"காத்து இருக்கா இல்லையான்னு எப்படி சார் பாக்கறது?"

மேலாளர் அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "உங்ககிட்ட ஒரு நூல் இருக்குல்ல?"

அப்படித்தான் அந்தப் படிவம் பிறந்தது. அரைப் பக்கம். மேலே ஊரின் பெயர், தேதி. நடுவே ஒரே ஒரு கேள்வி: தொங்கவிட்ட நூல் அசைகிறதா? ஆம், இல்லை. கீழே அளவையாளரின் கையெழுத்து.

சனிக்கிழமை வந்தது. தலைமை அலுவலகம் இருந்த ஊர் நாலு பக்கமும் பாறை சூழ்ந்த அடுப்பு. அங்கே காற்று அடித்தால் செய்தியில் சொல்வார்கள். விமான நிலைய வாசலில் நூலைத் தொங்கவிட்டாள். செத்த பாம்பு போலத் தொங்கியது. 'இல்லை' என்று எழுதினாள். சக்கரம் தரையை விட்டதும் பொத்தானை அமுக்கினாள். வழி முழுக்க அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும். எண் ஐம்பத்தெட்டாகத்தான் வரும். விஷயம் மூடப்படும். மூன்று நாற்காலியும் போய்விடும், நாற்பது நிமிடமும் போய்விடும். அடுத்த பல் செவ்வாய்க்கிழமை விழுந்தால் செவ்வாய்க்கிழமையே விழும். சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு மணி ஐம்பத்தெட்டு.

புருஷனும் பெண்ணும் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"திரும்பிப் போறதுக்கு முன்னாடி நூலத் தொங்க விடணும்" என்றாள் அவள். "வாங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, விமான நிலையத்தின் கூரை நிழலுக்குள்ளேயே நின்று டப்பாவைத் திறந்து நூலை எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் நூல் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தது. குட்டியின் தலைமுடி முகமெல்லாம் பறந்தது. புருஷனின் சட்டை பின்னால் புடைத்தது. கடல் அரைக் கிலோமீட்டரில் இருந்தது. பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தவள், துணி காயப்போட்டால் இரண்டு கிளிப் போட வேண்டும் என்று கற்றுக்கொண்டவள், அதை இந்தப் பத்து வாரத்தில் ஒரு தடவை கூட நினைத்துப் பார்க்கவில்லை.

படிவத்தில் 'ஆம்' என்று எழுதினாள். புறப்படக் கூடாது. விதி விதிதான்.

அவள் இல்லாமலே விமானம் கிளம்பியது. மூன்று பேரும் கம்பிக்கு அருகில் நின்று அது மேலே போவதைப் பார்த்தார்கள். குட்டி அம்மாவின் புடவையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். விமானம் போயும் அம்மா இங்கேயே நிற்பது அவளுக்கு நம்பும்படியாக இல்லை.

அவள் மேலாளருக்குப் போன் செய்தாள்.

"சார், இங்க காத்து அடிக்குது."

"சரிதான். நிக்கற வரைக்கும் இருங்க."

"ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கு சார்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. குழு கூடியிருக்க வேண்டும். "எத்தனை நாள் ஏர்போர்ட்ல உக்காந்திருப்பீங்க? ஊருக்குள்ள தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க சார். வீட்டுக்காரர்."

"சரிதான். அவர் வீட்ல தங்கிக்குங்க. நீங்க அளவை வேலையிலதான் இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். தினம் காலைல படிவம் வந்துடணும். காத்து நின்ன உடனே கிளம்பணும்."

அவளுக்கு அன்று விமான நிலையத்திலிருந்து வெளியே வர ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு வருடத்தில் அந்த வாசலை அளவை வேலையாகத் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து அவள் ஒழுங்காக வேலை பார்த்தாள். அட்டவணை கணினியில் இருந்தது. சீட்டுகளை வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே எழுதி அனுப்பினாள். முப்பத்தோரு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், கொடிக்கம்பியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, படிவத்தை நிரப்பிப் படம் பிடித்து அனுப்புவாள். மேலாளரிடமிருந்து 'சரிதான்' என்று ஒரு வரி பதில் வரும். குட்டியும் கூடவே மாடிக்கு வருவாள். நூல் அசைகிறது என்று சொல்வது அவள் வேலை, எழுதுவது அம்மாவின் வேலை.

"இந்த ஊர்ல காத்து நின்னு நான் பாத்ததே இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார், ஏதோ வரம் கொடுப்பவள் மாதிரி. அவள் அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. நாத்தனார் சொல்வது அளவு ஆகாது.

மூன்றாவது மாதம் ஸ்டோர்ஸ்காரர் ஒரு செய்தி அனுப்பினார். 'மேடம், வணக்கம். என் மனைவி ஊரையும் நேரில் அளக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். அங்கேயும் காற்று அடிக்கும் என்று சொல்கிறார்கள். நூல் கொடுப்பீர்களா?' அவள் நூலில் ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை வெட்டிக் கூரியரில் அனுப்பினாள். அளவையாளர் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்தாள், முத்திரையோடு. காலை வணக்கம் திரும்பி வந்ததில் அவளுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஐந்து மாதம் ஓடிற்று. ஒரு நாள் காலை அவள் கண் விழித்தபோது வீட்டில் ஏதோ குறைந்தது. என்ன என்று தெரியவில்லை. அடுப்படி ஜன்னல் கதவு தினமும் டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். அன்று அடிக்கவில்லை.

மாடிக்குப் போனாள். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பக்கத்து மாடியில் காயப்போட்ட சட்டை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. அவள் நூலைக் கட்டினாள். நூல் நேராகத் தொங்கியது. அவள் கம்பியிலிருந்து கையை எடுத்து, இரண்டடி தள்ளி நின்று, மூச்சைக் கூட மெல்ல விட்டுக்கொண்டு பார்த்தாள். அசையவில்லை. கீழே புருஷன் யாரிடமோ போனில் மேல்வரிசைப் பற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மத்தியான விமானத்துக்கு நேரம் இருக்கிறது. கையில் பேனா இருந்தது. படிவம் இருந்தது. ஆயுசில் ஒரு நிமிடத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத கை அது. 

குட்டி படியேறி வந்தாள். நூலைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அசையலையே" என்றாள் மெதுவாக.

"ஆமாடா. அசையல."

"அப்ப நீ போயிடுவியா?"

 பொய் சொல்ல அவளுக்கு வராது, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

குட்டி கொடிக்கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, முன்பல் பாதி முளைத்திருந்த அந்த இடைவெளி வழியாக ஊதினாள். நூல் ஆடியது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஊதினாள். நூல் நன்றாகவே ஆடியது, தொங்கிய பகுதியில் இருந்த மூன்று முடிச்சும் தெரியத் தெரிய. ஊதிக்கொண்டே கண்ணை மட்டும் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

அவள் படிவத்தை எடுத்து ஒரு தரம் முழுக்கப் படித்தாள். தொங்கவிட்ட நூல் அசைகிறதா? அவ்வளவுதான் கேட்டிருந்தது. யார் ஊதினார்கள் என்று கேட்கவில்லை, அதை எழுத இடமும் விடவில்லை. அவள் நூலை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தாள். அசைந்தது. அளவையாளர் கண்ணால் கண்டது அது.

'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "போதும்டா, மயக்கம் வந்துடும்" என்று சொல்லிப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கனத்தது. படிவம் போய்ச் சேர்ந்ததும் சரிதான் என்று பதில் வந்தது.